கலை வளர்த்த ருக்மிணி தேவி அம்மையார்

நமது பினாங்கு மாநிலத்தில் நவராத்திரி விழாவானாலும், தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு நாளானாலும், சலங்கை ஒலி கேளாத மேடை இல்லை எனலாம். நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் அணிந்து, அரைமண்டியில் நின்று, கைகூப்பிக் கடவுள் வணக்கம் ஆடும் சிறுமியரைக் காணும் பெற்றோர் உள்ளம் பூரிக்கின்றனர். ஆனால் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்னர், தமிழ்நாட்டில் இந்நடனத்தைத் தம் பெண் கற்பதை மானக்கேடு என்று எண்ணிய குடும்பங்களே மிகுதி. அந்த எண்ணம் மாறுவதற்கு உழைத்தவர் சிலர். அவர்களுள் முன்னணியில் நின்றவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அன்னாரின் வாழ்க்கையை நம் மாணவச் செல்வங்களும், அவர்தம் பெற்றோரும், தோட்டப்புற அன்பர்களும் அறிந்துகொள்ளுதல் நலம் எனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29ஆம் நாள் மதுரையில் பிறந்தார். நான்காண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் பிறந்த நாள் அது! தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியியலாளராகப் பணியாற்றியவர். வடமொழிப் புலமை மிக்கவர். தாயார் சேஷம்மாள் இசையில் பற்றுடையவர். பணி மாறுதலின் காரணமாக ஊர் ஊராகச் சென்ற அக்குடும்பம், தந்தையார் ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில் குடியேறியது. அங்கே அன்னி பெசன்ட் அம்மையார் தலைமையில் இயங்கிய பிரம்மஞான சபையின் தொடர்பு அவர்களுக்கு ஏற்பட்டது. பல நாட்டவரும் பல சமயத்தவரும் கூடிய இடம் அது. சிறுமி ருக்மிணி அச்சூழலில் வளர்ந்தார்.

1920ஆம் ஆண்டில், தம் பதினாறாம் வயதில், ஜார்ஜ் சிட்னி அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை அவர் மணந்தார். அருண்டேல் சிறந்த கல்வியாளர். வயதில் மிக மூத்தவர். அத்துணை இளம் வயதில் நடைபெறும் திருமணத்தை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயின் அந்நாளில் சென்னை மக்கள் கொதித்தெழுந்தது வயதைக் கருதியன்று; ஓர் அந்தணப் பெண் வெள்ளையரை மணப்பதா என்பதே அவர்தம் சினத்திற்குக் காரணம். உற்றார் உறவினர் பலரும் தூற்றினர். ஊரார் பழிச்சொல்லைத் தாங்கி நிற்கும் உறுதியை அம்மையார் அப்பொழுதே பெற்றார். பிற்காலத்தில் அவ்வுறுதி அவருக்குப் பெரிதும் தேவைப்பட்டது.

ருஷ்ய நடனமணி காட்டிய வழி

கணவருடன் அம்மையார் பல நாடுகளுக்கும் பயணம் செய்தார். 1928ஆம் ஆண்டில் உலகப் புகழ் பெற்ற ருஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்து ஆடினார். அன்னப்பறவை உயிர் நீக்கும் காட்சியைத் தம் ஆடலால் காட்டிக் காண்போரைக் கண்ணீர் சிந்தச் செய்தவர் அவர். அம்மையார் அவ்வாடலில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற கப்பலில் இருவரும் சேர்ந்து பயணம் செய்ய நேர்ந்தது; நட்பு மலர்ந்தது. பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் அம்மையார் பாலே நடனம் பயிலத் தொடங்கினார்.

அப்பொழுது பாவ்லோவா அவருக்கு ஓர் அறிவுரை கூறினார். பாலே கற்பதில் தவறில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தம் தாய்நாட்டுக் கலையைத் தேடிக் காண்பதே சிறப்பு என்பது அதன் கருத்து. அயல்நாட்டுக் கலைஞர் ஒருவர் சொன்ன இச்சொல், அம்மையாரின் பார்வையைத் தமிழ்நாட்டின் பக்கம் திருப்பியது.

ஆசிரியரை நாடிச் சென்ற மாணவி

பரதநாட்டியம் என இன்று நாம் அழைக்கும் நடனம் அக்காலத்தில் சதிர் எனப்பட்டது. திருக்கோயில்களிலும் அரசவைகளிலும் தலைமுறை தலைமுறையாக இதனை ஆடிக் காத்தவர்கள் தேவதாசியர் எனப்பட்ட பெண்கள். அவர்களுக்கு ஆட்டுவித்த நட்டுவனார்கள் இசை வேளாளர் மரபினர். தஞ்சையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர், அலாரிப்பு முதல் தில்லானா வரையுள்ள ஆடல் வரிசையை ஒழுங்குபடுத்தித் தந்தனர். இன்றும் நம் பிள்ளைகள் அவ்வரிசையிலேயே கற்கின்றனர்.

அரசர்கள் மறைந்தனர், கோயில் மானியங்கள் குறைந்தன. ஆடிய பெண்கள் வறுமையுற்றனர்; சிலர் இழிநிலைக்குத் தள்ளப்பட்டனர். சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலானோர் போராடினர். அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டு நிறைவேறியது. பெண்களைக் காக்க எழுந்த அம்முயற்சி நல்லதே. ஆனால் வழக்கத்தோடு கலையையும் சேர்த்து வெறுப்போர் பெருகினர். கலை வேறு, அதனைச் சூழ்ந்த கேடு வேறு எனப் பிரித்துக் காண்போர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர். அவரும் அவரைச் சார்ந்தோரும் சென்னை மியூசிக் அகாடமியின் மேடையில் இந்நடனத்தை இடம்பெறச் செய்தனர்.

1933ஆம் ஆண்டில் அம்மேடையில் பந்தநல்லூர் மரபில் பயின்ற சகோதரியர் இருவர் ஆடக் கண்டார் ருக்மிணி தேவி அம்மையார். தாம் நெடுநாள் தேடியது இதுவே எனத் தெளிந்தார். காண்பதோடு நில்லாமல் தாமே கற்கவும் துணிந்தார். அப்பொழுது அவருக்கு அகவை ஏறத்தாழ முப்பது. உலகெங்கும் சொற்பொழிவாற்றிப் பெயர் பெற்றவர். பெரிய இடத்துப் பெண்மணி. அத்தகையவர், சமுதாயம் ஒதுக்கி வைத்திருந்தவர்களை ஆசிரியராக ஏற்று, அவர்கள் முன் மாணவியாய் நின்றார்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த கௌரி அம்மாளிடம் அவர் முதலிற் கற்றார். முகபாவத்தாலும் கைமுத்திரையாலும் பொருளை விளக்கும் அபிநயத்தில் ஈடற்றவர் கௌரி அம்மாள். பின்னர்த் தஞ்சை நால்வரின் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடம் பயின்றார். முப்பது வயதில் அரைமண்டி போட்டு அடவு பழகுவது எளிதன்று; முழங்காலும் முதுகும் நோவெடுக்கும். அவ்வலியைப் பொறுத்து நாள்தோறும் பயிற்சி செய்தார்.

1935ஆம் ஆண்டு இறுதியில், பிரம்மஞான சபையின் வைரவிழாவின்போது அடையாற்றில் அம்மையார் முதன்முறையாக மேடையேறினார். எதிர்த்தோர் பலர், வியந்தோரும் பலர். நடனம் முடிந்தபோது, நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆடலாகாது என்னும் பழைய எண்ணத்தில் முதல் விரிசல் விழுந்திருந்தது.

மரத்தடியில் தோன்றிய கலைக்கூடம்

மறு ஆண்டே, அதாவது 1936 ஜனவரித் திங்களில், அம்மையார் ஒரு கலைக்கூடத்தைத் தோற்றுவித்தார். பெரிய கட்டடம் ஏதுமில்லை. ஒரு மரத்தடி, ஒரே ஒரு மாணவி. இவ்வாறு தொடங்கிய நிறுவனமே பின்னர்க் கலாக்ஷேத்திரா என்னும் பெயர் பெற்றது. காலப்போக்கில் சென்னை திருவான்மியூர்க் கடற்கரையருகே ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலத்தில் அது பரந்து வளர்ந்தது. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் தோட்டத்து லயன் வீடுகளின் அருகே அத்தாப்புக் கொட்டகையில் தொடங்கியவை என்பதை எண்ணும்போது, இச்செய்தி நமக்கு வியப்பளிப்பதினும் மிகுதியாக ஊக்கமளிக்கின்றது.

அங்கே நடனத்தோடு இசையும், ஓவியமும், நெசவும் கற்பிக்கப்பட்டன. கைத்தறிச் சேலைகளின் பழைய கரைகளையும் நிறங்களையும் மீட்டெடுத்து நெய்யச் செய்தார் அம்மையார். மறைந்துகொண்டிருந்தது நடனம் மட்டுமன்று, நெசவாளரின் கைத்திறனும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மேடையமைப்பிலும் அவர் மாற்றங்கள் செய்தார். முன்னர் நட்டுவனாரும் இசைக்குழுவினரும் ஆடுபவரின் பின்னே நின்று, அவர் நகரும்போது தாமும் நகர்வர். அவர்களை மேடையின் ஒருபுறத்தில் அமரச் செய்தார். கோயிற் சிற்பங்களைப் பார்த்து உடையையும் அணிகலன்களையும் வடிவமைத்தார். ஆண்களே தாளமேந்தி வந்த நட்டுவாங்கத்தைப் பெண்களும் கற்கச் செய்தார். இன்று பினாங்கில் நடன ஆசிரியை ஒருவர் மேடையோரம் அமர்ந்து, தட்டுக்கழியால் தட்டிச் சொற்கட்டு உரைப்பதை நாம் காண்கின்றோமெனில், அதன் பின்னே இம்மாற்றம் உள்ளது.

சிறுவர் கல்வியிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. குழந்தைகள் தாமே செய்து பார்த்துக் கற்கும் முறையை வகுத்த இத்தாலிய அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார், அருண்டேல் தம்பதியரின் அழைப்பை ஏற்று 1939ஆம் ஆண்டு அடையாற்றுக்கு வந்தார். உலகப்போர் மூண்டதால் ஆண்டுகள் பல இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். நம் பாலர் பள்ளிகளில் மரக்கட்டைகளையும் மணிகளையும் கொண்டு எண் கற்கும் முறைக்கும் இதற்கும் தொடர்புண்டு.

குறத்தி மேடையேறினாள்

அம்மையாரின் பெரும்பணி நாட்டிய நாடகங்களே. தனியொருவர் ஆடும் நடனத்தைப் பலர் சேர்ந்து ஆடும் நாடகமாக்கி, இலக்கியக் கதைகளை மேடைக்குக் கொணர்ந்தார். அவற்றுள் முதற் பெரும் படைப்பு 1944ஆம் ஆண்டில் அரங்கேறிய குற்றாலக் குறவஞ்சி.

இந்நூலை இயற்றியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர். குற்றாலநாதர் உலா வருகின்றார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி என்னும் மங்கை அவரைக் கண்டு காதல் கொண்டு உருகுகின்றாள். அவ்வேளையில் மலையிலிருந்து ஒரு குறத்தி வருகின்றாள். தன் மலைவளத்தைப் பெருமிதத்தோடு பாடுகின்றாள். வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கின்றாள். பரிசாக அணிகலன்கள் பெறுகின்றாள். அவளைத் தேடி அலையும் கணவன் சிங்கன், இறுதியில் அவளைக் கண்டு, உடல் முழுதும் மின்னும் நகைகளைப் பற்றி ஒவ்வொன்றாய் வினவுகின்றான். நகையும் சுவையும் நிறைந்த பகுதி அது.

இக்கதையைக் காணும்போது ஒன்று புலப்படும். செல்வ மகள் வசந்தவல்லி கலங்கி நிற்கின்றாள். நாடோடிக் குறத்தியோ தலைநிமிர்ந்து நிற்கின்றாள். தன் மலையையும் தன் தொழிலையும் பற்றி அவளுக்குச் சிறிதும் தாழ்வெண்ணம் இல்லை. அருவி விழும் தண்ணீர்மலையின் அடிவாரத்தில் வாழும் பினாங்கு மக்களாகிய நமக்கு, அருவி விழும் குற்றாலத்துக் குறத்தி அயலாள் அல்லள்.

குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் முன்னர் ஆடியோரும் தேவதாசியரே. ஆகவே, அம்மரபில் வந்த காரைக்கால் சாரதாம்பாள் அம்மையாரின் துணையை ருக்மிணி தேவி நாடினார். இசையமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார். புதுமை செய்யப் புகுந்த போதும் பழமையை அறிந்தோரைக் கேட்டே செய்தமை இங்கு நோக்கத்தக்கது.

தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையர் 1942ஆம் ஆண்டு மறைந்தபின், அவர் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த ஏட்டுச்சுவடிகளும் நூல்களும் சிதறாமல் இருக்க 1943ஆம் ஆண்டில் அவர் பெயரால் நூல்நிலையம் அமையவும் அம்மையார் முன்னின்றார். தமிழர் அனைவரும் நன்றியோடு நினைக்கத்தக்க தொண்டு இது.

வேடனும் சபரியும்

குறவஞ்சியைத் தொடர்ந்து இருபதுக்கும் மேற்பட்ட நாட்டிய நாடகங்களை அம்மையார் படைத்தார். காளிதாசனின் குமாரசம்பவம் 1947ஆம் ஆண்டில் மேடையேறியது. ஆண்டாளின் வரலாறும் நாடகமாயிற்று. 1962ஆம் ஆண்டில் அரங்கேறிய கண்ணப்பர் குறவஞ்சிக்குப் பாபநாசம் சிவன் இசை வழங்கினார். சேக்கிழார் பெரியபுராணத்தில் போற்றும் கண்ணப்ப நாயனார் ஒரு வேடர். பூசை முறை அறியாதவர். ஆயினும் இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்டதும் தம் கண்ணையே பெயர்த்து அப்பியவர். முறை தெரியாத அன்பே முறை தெரிந்த பூசையினும் உயர்ந்தது என்பது அக்கதையின் உட்பொருள்.

வால்மீகி இராமாயணத்தை ஆறு நாடகங்களாக வகுத்தது அவர்தம் வாழ்நாட் சாதனை. 1955ஆம் ஆண்டில் சீதா சுயம்வரத்தில் தொடங்கிய அத்தொடர், 1970ஆம் ஆண்டில் மகா பட்டாபிஷேகத்தில் நிறைவுற்றது. இசையமைத்த மைசூர் வாசுதேவாச்சாரியார், பணி முடியுமுன் 1961ஆம் ஆண்டில் காலமானார். தாத்தா விட்ட பணியைப் பேரர் ராஜாராம் தொடர்ந்து முடித்தார். பதினைந்தாண்டு உழைப்பும், ஒரு குடும்பத்தின் இரு தலைமுறை இசையும் அதில் அடங்கியுள்ளன. இத்தொடரில் 1965ஆம் ஆண்டில் வந்த சபரி மோட்சம், காட்டில் வாழ்ந்த முதிய பெண் ஒருத்தி இராமனுக்குக் கனி படைத்து வீடு பெற்ற கதை.

குறத்தி, வேடன், சபரி என எளியோர் பலரை அம்மையாரின் மேடை ஏற்றிப் போற்றியது. நாடகங்களில் ஆண் பாத்திரங்களுக்கு வலிமை சேர்க்கக் கேரளத்துக் கதகளி ஆசான்களையும் வரவழைத்துக் கற்பிக்கச் செய்தார்.

மாற்றுக் கருத்துகள்

பெரியோர் வாழ்வைக் கூறுமிடத்து நிறைகளை மட்டும் கூறி அமைதல் முறையன்று. அம்மையார் சிருங்காரச் சுவை மிகுந்த பாடல்களையும் அபிநயங்களையும் குறைத்துப் பக்திச் சுவைக்கே முதலிடம் தந்தார். தேவதாசி மரபில் வந்த பேரறிஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி அம்மையார் இதனை ஏற்கவில்லை. காதற்சுவையும் தெய்வத்தன்மை உடையதே. அதனைக் களைந்தால் கலை குறைவுபடும் என்பது அவர் கொள்கை. இவ்விருவர் கருத்தையும் அறிஞர்கள் இன்றளவும் ஆராய்ந்து வருகின்றனர்.

மற்றொன்றும் உண்டு. நடனம் மதிப்புப் பெற்றது. பெரிய குடும்பங்களின் பெண்கள் ஆட முன்வந்தனர். ஆனால் நூற்றாண்டுகளாக அதனைக் காத்த குடும்பங்களின் பெண்களுள் பலர் மேடையிழந்து மறைந்தனர். அம்மையார் அவர்களிடம் பணிந்து கற்றது உண்மை; சமுதாயம் அவர்களுக்குரிய சிறப்பை முழுமையாக வழங்காததும் உண்மை. பரதநாட்டியத்தைக் காத்தவர் யார் என்று யாரேனும் வினவினால், ருக்மிணி தேவியின் பெயரோடு கௌரி அம்மாள், பாலசரஸ்வதி, சாரதாம்பாள், மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரின் பெயர்களையும் சேர்த்துக் கூறுதலே நேர்மை.

வாயில்லா உயிர்களுக்காக

1945ஆம் ஆண்டில் கணவர் அருண்டேல் மறைந்தார். துயரத்தில் முடங்காமல் அம்மையார் பொதுப்பணியைத் தொடர்ந்தார். 1952ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றத்தின் மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் வாதாடியது விலங்குகளுக்காக. உயிர்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் வேண்டுமென அவர் தனியொருவராக மசோதா கொணர்ந்தார். அரசே அதனை மேற்கொள்ளும் எனப் பிரதமர் நேரு உறுதியளித்தார். 1960ஆம் ஆண்டில் சட்டம் நிறைவேறியது. 1962ஆம் ஆண்டில் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அம்மையாரே முதல் தலைவர்.

1956ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1977ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவர் பெயரை முன்மொழியப் பிரதமர் மொரார்ஜி தேசாய் விரும்பினார். நாட்டின் முதற் குடிமகள் ஆகும் வாய்ப்பை அம்மையார் அன்போடு மறுத்துவிட்டார். தம் மாணவர்களும் கலைக்கூடமுமே அவருக்குப் போதுமானவையாய் இருந்தன.

எண்பத்திரண்டு அகவை நிறையச் சில நாள்களே எஞ்சியிருந்த வேளையில், 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் சென்னையில் அம்மையார் இயற்கை எய்தினார். கலாக்ஷேத்திராவை நாட்டின் முதன்மைச் சிறப்புடைய நிறுவனமாக அறிவிக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 1993ஆம் ஆண்டில் இயற்றியது.

நாம் கொள்ளும் பாடம்

நம் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்குத் துறையில் வந்திறங்கினர். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்தோர் அவர்களுள் பலர். அதே தஞ்சை மண்ணில்தான் பந்தநல்லூரும் உள்ளது. பால் மரம் சீவிய கைகளும் நட்டுவாங்கத் தாளம் ஏந்திய கைகளும் ஒரே மண்ணின் கைகளே. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் நடித்து மகிழ்ந்தோரும் கலை காத்தவர்களே. தோட்டங்கள் பல மறைந்து போயினும் அந்நினைவு நம்மிடம் மறையவில்லை.

கலாக்ஷேத்திராவில் பயின்றோர் மலேசியாவிலும் நடனம் கற்பித்தனர். சுவாமி சாந்தானந்த சரசுவதி அவர்களின் வழிகாட்டுதலில் 1981ஆம் ஆண்டில் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்னும் கலை நிறுவனம், நம் ஜார்ஜ்டவுனிலும் கிளை கண்டு, புராண இதிகாசக் கதைகளை நாட்டிய நாடகங்களாக வழங்கி வந்துள்ளது. அடையாற்று மரத்தடியில் ஊன்றிய வித்து கடல் கடந்தும் முளைத்துள்ளது.

பெற்றோர்களே! நடனம் வசதியுள்ளோர்க்கே உரியது என்று ஒதுங்கிவிடாதீர்கள். அரங்கேற்றத்திற்குப் பெரும்பொருள் செலவிடுதல் கலையின் இலக்கணம் அன்று. பள்ளி மண்டபத்தில் வெறுந்தரையில் நின்று ஓர் அடவைப் பிழையின்றி ஆடும் பிள்ளையும் கலைஞரே. ஆண்பிள்ளை ஆட விரும்பினாலும் தடுக்காதீர்கள். நடனம் ஆடும் இறைவனைத்தானே நாம் நடராசர் என வணங்குகின்றோம்!

மாணவச் செல்வங்களே! முப்பது வயதில், ஊரார் ஏசும் நிலையில், ஒதுக்கப்பட்டோர் முன் மாணவியாய் அமர்ந்தவர் ருக்மிணி தேவி அம்மையார். கற்பிப்பவர் யாராயினும் பணிந்து கற்றார்; கற்றதைப் பலருக்கும் வழங்கினார். உங்களுக்கு ஒரு பாடலையோ, கும்மியையோ, கோலத்தையோ கற்றுத் தரத்தக்க பாட்டியர் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். அவர்கள் அருகில் சென்று அமருங்கள், கேளுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.